ஏழாவது ஸ்பீக்கர்

வாங்கியது ஆறு. திரை ஏழு என்றது.

முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, இடி முழக்கத்துக்கென்று மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. ஆக ஆறு. ஆறையும் எடையளவு ஆய்வாளர்தான் தன் கையால் பிரித்து, தன் கையால் ஆணி அடித்து மாட்டி, ஒயர்களைச் சுவரோரமாக எறும்பு வரிசை போல ஒட்டியிருந்தார். இரண்டு நாள் வேலை. எல்லாவற்றுக்கும் தலைவரான ரிசீவர் பெட்டி, ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி டிவிக்குக் கீழே கனமாக உட்கார்ந்திருந்தது. கூடத்தை அளவெடுத்து முடித்துத் திரையில் பட்டியல் போட்டது. முன் இடது, சரி. நடு, சரி. முன் வலது, சரி. பின் வலது, சரி. பின் இடது, சரி. மூலைப்பெட்டி, சரி. அதற்கும் கீழே இன்னொரு வரி.

ஏழாவது ஸ்பீக்கர், பின்புறம், 4.20 மீட்டர். சரி.

சரியாம்.

யாரிடம் வந்து சரி என்கிறது இந்தப் பெட்டி? எடையளவுத் துறையில் இருபத்திரண்டு வருடம் ஊறியவர் அவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தராசுகளே நிமிர்ந்து நிற்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு எது வாங்கினாலும் முதலில் அளப்பார்; பிறகு இணையத்தில் ஏறி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதுவார். குடையைப் பற்றி அவர் எழுதிய கருத்து அந்தக் குடையைவிட நீளம். பல் துலக்கும் பிரஷுக்கு மூன்று பகுதிகளாக எழுதினார். அலுவலகத்தில் அவருக்கு 'ஒத்த ஸ்டார்' என்று பெயர். அது மரியாதைப் பட்டம் என்பது அவருடைய எண்ணம்.

அளவெடுப்பது என்றால் இதுதான்: கூடத்தில் நாம் உட்காரும் இடத்தில், நம் தலை இருக்கும் உயரத்தில், ஒரு சின்ன மைக்கை நிறுத்த வேண்டும். பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கர் வழியாகவும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சலை அனுப்பும். மைக் அதைக் கேட்டு, எது எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கும். அதுவரை வீட்டில் ஊசி விழக்கூடாது. அந்த முதல் தடவை ஆய்வாளர் மின்விசிறியை நிறுத்தினார், ஃபிரிட்ஜை நிறுத்தினார், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நான்காவது இரைச்சலின்போது மகள் தும்மினாள்.

அதற்குப் பிறகு நான்கு நிமிடம் அந்தக் கூடத்தில் நடந்ததை முழுதாக எழுத வேண்டியதில்லை. 'உன்னைப் பெத்ததுக்கு' என்று ஆரம்பித்தது. அங்கேயிருந்து கீழே இறங்கியது. கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்க, ஒரு தும்மலுக்கு நான்கு நிமிடம். பெட்டியோ நிற்கவில்லை. அது பாட்டுக்கு அளந்துகொண்டே இருந்தது. இடையில் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கவும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆய்வாளர் அதைப் படித்திருந்தார். ஆனால் ஒரு வேலையைத் தன் கையால் செய்துவிட்டு இன்னொரு தடவை செய்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கத்திக்கொண்டே ரிமோட்டை நீட்டி, அலுவலக முத்திரை குத்துகிற வேகத்தில், 'ஏற்றுக்கொள்' என்பதை அழுத்தினார். இதையே ஒரு கடைக்காரன் செய்திருந்தால் கடையைப் பூட்டிச் சீல் வைத்திருப்பார்.

மகள் அன்றிலிருந்து அந்த வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். மனைவி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், முடிவு சொல்லும் குரலிலேயே பேசினாள்.

"இன்னொரு தடவை இந்த வீட்டுல உங்க குரல் அப்படி எழும்பிச்சுன்னா நானும் குட்டியும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவோம். திரும்பி வர மாட்டோம்."

"கோவத்துல பேசாதே."

"கோவம் உங்க டிபார்ட்மெண்ட். நான் தகவல் சொல்றேன். பை கட்டி வச்சாச்சு."

பொய்யில்லை. செருப்பைத் தேடிக் கட்டிலுக்கடியில் குனிந்தபோது பார்த்தார். நீலப் பை. ஜிப் முழுக்க மூடாமல், மகளின் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். தன்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது இந்த அளக்கிற சாமான் ஒன்றைத்தான் என்று தோன்றியது. அன்றிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டார்.

பூட்டினால் கோபம் போய்விடுமா? அது விரல் வழியாக வந்தது. 'புளுகும் பெட்டி' என்று தலைப்பிட்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டு, கருத்து எழுத உட்கார்ந்தார். எஃகு நாடாவை எடுத்துச் சோபாவிலிருந்து 4.20 மீட்டரை அளந்தார். பின்சுவரைத் தாண்டி, கதவைத் தாண்டி, நாடா மகளின் அறைக்குள் போய், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் காலித் தரையில் முடிந்தது. ஸ்பீக்கருமில்லை, ஒரு மண்ணுமில்லை. மகள் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த நாடாவின் நுனியையே பார்த்தாள். அவர் அவளைத் திட்ட வரும்போதெல்லாம் நிற்கிற இடம் அது. அதை அவள் சொல்லவில்லை. அவருக்கும் அப்போது படவில்லை.

மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று புரட்டினார். ஊர்ப்பட்ட கருத்து. 'ஐந்து நட்சத்திரம். பார்சல் சொன்ன நாளில் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.' 'ஐந்து நட்சத்திரம். மாமனாருக்கு வாங்கிக் கொடுத்தேன். அவருக்குக் காது கேட்காது. மிகவும் திருப்தி.' இந்தப் புத்திசாலிகளை எல்லாம் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தபடி கீழே இறங்கினார். அங்கே அவருடைய ஜாதி இருந்தது. ஒற்றை நட்சத்திரக்காரர்கள். கொந்தளித்திருந்தார்கள். 'நான் ஆறு வைத்தேன், ஏழு காட்டுகிறது, திருட்டுப் பயல்களா.' 'எனக்கு எட்டு காட்டுகிறது. நானும் தம்பியும் ஒரே வீடு. இருவரும் சேர்ந்துதான் திட்டுகிறோம்.' 'பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள். பணத்தைத் திருப்பித் தா.' ஆய்வாளருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் ஒவ்வொரு கருத்துக்கும் அடியில், சில வாரம் கழித்து, அதே ஆள் சேர்த்த பின்குறிப்பு ஒன்று இருந்தது. ஐந்து நட்சத்திரம். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்.

'வீடு அமைதியாக இருக்கிறது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.'

விலை போய்விட்டான்கள். அத்தனை பேரும். எவ்வளவு வாங்கினான்களோ.

தன் கருத்தை இணையத்தில் ஏற்றினார். கம்பெனியிலிருந்து அவருக்கும் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் மேலான சினம் எங்களைச் செதுக்குகிறது' என்று தொடங்கி, மறுபடி அளவெடுக்கச் சொல்லி முடிந்தது. வீட்டில் கத்த முடியாதே. காரை எடுத்துக்கொண்டு அலுவலக வாகன நிறுத்தத்துக்குப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"இல்லாத ஸ்பீக்கரை இருக்குன்னு காட்டுதும்மா உங்க பெட்டி."

"எங்க மெஷின் இல்லாததைக் காட்டாது சார்," என்றது ஒரு பெண் குரல், வெண்ணெய் தடவினாற்போல.

"நான் எடையளவு ஆய்வாளர். இல்லாததைக் காட்டற மெஷினா பிடிச்சுப் பிடிச்சு எனக்கு முடி நரைச்சிருக்கு."

"அளவெடுக்கும்போது யாராவது பேசினாங்களா சார்?"

ஆய்வாளர் கார்க் கண்ணாடியில் படிந்த தன் மூச்சைப் பார்த்தார்.

"இல்லை."

"ஏன் கேக்கறேன்னா, அந்த நேரத்துல எந்தச் சத்தம் பெருசா கேக்குதோ அதையும் ஒரு ஸ்பீக்கர்னு எடுத்துக்கும் சார். அப்புறம் அதுக்கேத்த மாதிரி வீட்டைச் செட் பண்ணிக்கும்."

"இல்லைன்னு சொன்னேனே."

"அப்ப ஒண்ணும் பிரச்சினையில்லை சார். கிடைக்கிற வரைக்கும் அளந்துகிட்டே இருங்க."

எது கிடைக்கிற வரைக்கும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தார். மனைவியும் மகளும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏழாவது ஸ்பீக்கர், 3.10 மீட்டர், சரி. நாடாவை இழுத்தார். நடைவழி. சமையலறை வாசலுக்கு நேராக. மனைவியோடு சண்டை போடும்போது அவர் இடுப்பில் கைவைத்து நிற்கிற இடம். இந்த முறை அவருக்குப் பட்டது. நாடாவைச் சட்டென்று விட்டார். அது சுருண்டு வந்து விரலை அறுத்தது.

அன்று மதியம், பட்டப்பகலில், கனமான திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கிய கூடத்தில் உட்கார்ந்து, கடலடி உயிர்களைப் பற்றிய ஏதோ ஒரு படத்தைக் குறைந்த ஒலியில் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பிளாஸ்டிக் சூடாகிற வாசனை. திரைச்சீலையின் பழைய தூசி. தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் இடப்பக்கச் சுவரிலிருந்து புறப்பட்டுத் தலைக்குமேல் வழிந்து வலப்பக்கம் இறங்கியது. பெட்டியைப் பாராட்டித் தொலைக்க வேண்டியிருக்குமோ என்கிற எரிச்சலில் அவர் கண் செருகியபோது, வர்ணனைக்காரர் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்கு நடுவில், பின்னாலிருந்து, யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மூக்கு வழியாக. நீளமாக. முடிகிற இடத்தில் ஒரு சின்ன விசில்.

ஆய்வாளருக்கு மூக்குத் தண்டு வளைவு. கோபம் வந்து மூச்சை இழுத்தால் இடது நாசி விசிலடிக்கும். கல்யாணமான புதிதில் மனைவி அதைக் கேலி செய்து சிரிப்பாள். அப்போது அதற்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது.

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நடைவழியில் தண்ணீர் டம்ளரோடு வந்த மகள் நின்றாள். அவளுடைய தோள் இரண்டும் மெல்ல ஏறிக் காதைத் தொட்டன. கண்ணை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள்.

தன் ஒரு மூச்சு இந்த வீட்டுக்கு என்ன செய்கிறது என்பதை அவர் அதுவரை எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"நான் இல்லை," என்றார்.

மனைவி ஈரக் கையோடு வந்தாள். "மூச்சு இழுத்தீங்க."

"படத்துல வந்தது."

"படத்துல திமிங்கலம் ஓடுது. அதுக்கு எப்போலேர்ந்து உங்க மூக்கு?"

சிரிக்கவில்லை அவள். மகளின் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அவளைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள்.

அடுத்த சனிக்கிழமை, அம்மாவும் மகளும் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூன்றாவது முறை அளந்தார். 1.40 மீட்டர். சோபாவுக்கு முதுகுப்பக்கம். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவர் கை நீட்டவில்லை. ஆத்திரம் தலைக்கேறி, மைக் நின்றிருந்த மூன்று கால் தாங்கியைப் பிடுங்கிச் சுவரில் வீசினார். தாங்கி உடைந்தது, மைக் தப்பியது. வாயைத் திறக்கவில்லை, அதில் உறுதியாக இருந்தார். ரிமோட்டை எடுத்துப் பெட்டியை அணைக்கப் போனார்.

பின்னால் மூச்சு. விசில்.

பிறகு அது வந்தது.

'உன்னைப் பெத்ததுக்கு.'

அவருடைய குரல். அதே ஏற்றம், அதே இறக்கம், சொல்லுக்கு நடுவே தெறித்த எச்சிலின் சத்தம்கூட விடுபடாமல். ஆறு ஸ்பீக்கரிலும் இல்லை. அவற்றின் வலைத்துணியில் விரலை வைத்துப் பார்த்தார், அதிரவில்லை. சோபாவுக்குப் பின்னால் வெறும் காற்று கத்தியது. தரை நடுங்கியது. ஆய்வாளர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். தன் வாய் மூடியிருக்கிறது என்பதற்குத் தனக்கே சாட்சி வேண்டியிருந்தது.

பூட்டில் சாவி நுழைந்ததும் குரல் நின்றது.

கதவு திறந்தது. மனைவி துணிப்பையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் மகள், முகம் வெளுத்து.

"கீழ் மாடி வரைக்கும் கேட்டுச்சு," என்றாள் மனைவி. "யாரைத் திட்டினீங்க? நாங்கதான் வீட்டுலயே இல்லையே."

"நான் இல்லை. பெட்டி."

"பெட்டி. சரி." உள்ளே போனாள். கட்டிலுக்கடியிலிருந்து நீலப் பையை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது போனில் வண்டி கூப்பிட்டுவிட்டிருந்தாள்.

"சத்தியமா நான் வாயைத் திறக்கலை. அளந்து காட்டறேன். உங்க கண் முன்னாடி. பத்து நிமிஷம் உட்காருங்க. அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு நீங்களே கேளுங்க." கெஞ்சுவது அவருக்குப் புது மொழி. இலக்கணம் தெரியாமல் பேசினார். "போயிடாதே. நம்பலைன்னாலும் பரவாயில்லை. கேட்டுட்டுப் போ."

மனைவி பையின் கைப்பிடியை விடாமல் நின்றாள். அப்போது மகள் பேசினாள். மூன்று வாரத்தில் முதல் தடவை. சின்னக் குரல், நெடுநாள் திறக்காத கதவு மாதிரி.

"கேக்கலாம்மா. அப்பா பொய் சொல்லலைன்னா?"

அந்த 'அப்பா' ஒன்றுக்காக அந்தப் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டிருப்பார்.

"வண்டி வர்ற வரைக்கும்தான்," என்றாள் மனைவி.

மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு முறை குலுங்கி அடங்கியது. இருவரும் அதே நாற்காலிகளில், கையை மடியில் வைத்துக்கொண்டு. பை காலடியில். திரைச்சீலையின் இடுக்கில் ஒரு கோடு வெயில். தாங்கிதான் உடைந்துவிட்டதே. ஆய்வாளர் தன் இடத்தில் உட்கார்ந்து மைக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். தலை இருக்கும் உயரத்தில். தாடைக்குக் கீழே.

அழுத்தினார்.

முன் இடது. ஸ்ஸ்ஸ்.

நடு. ஸ்ஸ்ஸ்.

முன் வலது. மகள் மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தும்மல் வந்துவிடக் கூடாதென்று.

பின் வலது. பின் இடது. மூலைப்பெட்டி தரை அதிர உறுமி ஓய்ந்தது.

அமைதி.

திரையில், ஏழாவது ஸ்பீக்கர், தேடுகிறது.

மூன்று பேரும் சோபாவின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. தேடுகிறது. ஒன்றுமில்லை. மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

மூச்சு இழுபட்டது. விசில்.

அவர் இழுக்கவில்லை.

நெஞ்சு நிறைந்தது. நிறைந்துகொண்டே போனது. தாடை இறங்கியது. அவர் இறக்கவில்லை. பல்லைக் கடிக்கப் பார்த்தார். பல் கிட்டவில்லை. நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டது.

ஸ்ஸ்ஸ்.

சுத்தமாக. கரகரப்பில்லாமல். அவர் வாயிலிருந்து.

ஏழாவது ஸ்பீக்கர், 0.00 மீட்டர். சரி.

மகள் எழுந்து ஓரடி முன்னால் வந்தாள். "அப்பா?"

'உன்னைப் பெத்ததுக்கு.'

அவள் முகத்துக்கு நேராக. நான்கு நிமிடமும். ஒரு சொல் குறையாமல். உள்ளே அவர் இல்லை, இல்லை, இல்லை என்று கத்திக்கொண்டிருந்தார். அது வெளியே வரவில்லை. தாடையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினார். அசையவில்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். விரல்களைத் தாண்டி, சற்றும் மங்காமல், கூடம் முழுக்க, கடைசி நாற்காலி வரைக்கும் சரிசமமாகக் கேட்டது. அருமையான ஒலி.

மனைவி மகளின் இரண்டு காதையும் தன் உள்ளங்கைகளால் மூடினாள். அப்படியே அவளைக் கதவுப்பக்கம் திருப்பினாள். முழங்கையில் பை தொங்கியது. ஸ்கேலின் முனை கதவு நிலையில் ஒரு முறை உரசியது.

போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். இந்த வீட்டில் பழகிய பழக்கம்.

நான்கு நிமிடம் முடிந்தது. நின்றது.

கீழே வண்டிக் கதவு மூடுகிற சத்தம். அவர் கூப்பிட்டார். உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தபடி. உள்ளே ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

சோபாவில் கிடந்த போன் தானாக ஒளிர்ந்தது. அவருடைய கருத்து. அவருடைய தலைப்பு. அடியில் புதிதாக ஒரு பின்குறிப்பு, ஐந்து நட்சத்திரத்தோடு. படிக்க வேண்டியிருக்கவில்லை.

வெயில் கோடு சுவரில் ஏறி மங்கியது. வீடு அமைதியாக இருந்தது.

டிவிக்குக் கீழே சின்ன நீல விளக்கு மறுபடி விழித்தது.

முன் இடது. நடு. முன் வலது. பின் வலது. பின் இடது. மூலைப்பெட்டி.

பிறகு அவருடைய இடது நாசி விசிலடித்தது.